வென்தாம் சூப்

"இதுக்குப் பேரு சூப்பா? காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கற கஞ்சி மாதிரி இருக்கு!"

பேங்காக் மாமா கரண்டியைக் கிண்ணத்தில் டங்கென்று போட்டார். பக்கத்து மேஜைக் குழந்தை சாப்பிடுவதை விட்டுவிட்டு இவரையே பார்த்தது.

எப்போதோ ஆபீஸ் பயிற்சிக்காக ஒரு மாதம் பேங்காக்கில் இருந்துவிட்டு வந்தவர். அதிலிருந்து வீட்டில் வைக்கிற எதுவும் அவர் நாக்குக்கு எட்டுவதில்லை. மனைவி எதைப் பரிமாறப் போனாலும் இடது கையைத் தட்டுக்குக் குறுக்கே நீட்டித் தடுத்துவிடுவார். முகம் வேறு அஷ்டகோணலாகும். சொந்தக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். தலைவலி அவளுக்குத்தான்.

அவளுடைய தம்பிக்கு வேலையில் உயர்வு கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அக்காவையும் அத்தானையும் புதிதாகத் திறந்த தாய்லாந்து ஓட்டலுக்கு அழைத்து வந்திருந்தான். மெனு கைக்கு வந்ததுமே மாமா ஆரம்பித்துவிட்டார்.

"அடடே, வென்தாம் சூப்! இது இங்கேயும் வந்துடுச்சா?"

"அது என்ன அத்தான்?"

"வடக்குப் பக்கத்துச் சமாச்சாரம் மச்சான். 'வென்'னை அமுக்கிச் சொல்லணும், 'தாம்'மை மேலே தூக்கணும். வென்...தாஆம்! நான் தங்கியிருந்த லாட்ஜுக்குக் கீழே ஒரு சின்னக் கடை. தினம் அங்கே இதுதான் குடிப்பேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் இவருக்கு வாயா சுளுக்கிக்கொள்ளும் என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

அப்படி ஆசையாகக் கேட்டு வாங்கிய சூப்தான் இப்போது கஞ்சியாகிவிட்டது.

"மீன் சாஸ் வாடையே இல்லை. எலுமிச்சைப்புல் இல்லை, புளிப்பு இல்லை, காரம் இல்லை. வெறும் தேங்காய்ப்பாலும் உப்பும்! உள்ளூர்க்காரன் நாக்குக்குப் பயந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க. அசல் எங்கே, இது எங்கே!"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு அத்தான்."

"உனக்கு இருக்கும். உங்கக்கா சமையல்ல வளர்ந்த நாக்குதானே!"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தம்பி பணம் கொடுத்து வாங்கித் தருகிற சாப்பாட்டிலும் தனக்கு ஒரு குட்டு.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

"சமைக்கறது யாரு?" என்றார் மாமா.

"தாய்லாந்துக்காரம்மாதான் சார். இப்பத்தான் வந்திருக்காங்க. நம்ம பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. நான்தான் அவங்க பாஷையில அரைகுறையாப் பேசிச் சமாளிக்கறேன்."

"கதை விடாதீங்க. தாய்லாந்துப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதவங்க வைக்கற சூப்பு இது. ஆளை மாத்துங்க. இல்லேன்னா ஊர் பூரா சொல்லுவேன்."

முதலாளி பயந்துவிட்டார். "போன வாரமும் ஒருத்தர் குறை சொன்னார் சார். இன்னியோட அனுப்பிடறேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் தன்னை என்ன சொன்னாலும் போகட்டும், தன்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை. இது இன்னொருத்தியின் பிழைப்பு.

"விடுங்களேன். எங்கிருந்தோ வந்து பிழைக்கறவங்க."

"நீ சும்மா இரு. தப்புன்னா முகத்துக்கு நேரே கேக்கணும். கூப்பிடுங்க அந்தம்மாவை!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையல்காரம்மா வந்தாள். மாமாவைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். அடுத்த நிமிஷம் கையைக் குவித்துக் கும்பிட்டு, முதலாளியிடம் தன் பாஷையில் படபடவென்று பொரிந்து தள்ளினாள்.

"சார், இவங்களுக்கு உங்களைத் தெரியுமாம்! பேங்காக்ல நீங்க தங்கின லாட்ஜுக்குக் கீழே கடை வச்சிருந்தது இவங்கதானாம்!"

மாமாவும் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தியா மச்சான்? நான் சொன்னப்போ நம்பினியா?" என்றவர் சமையல்காரம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, அங்கே அவ்வளவு நல்லா வச்சுட்டு, இங்கே வந்து ஏன் இப்படிக் கெடுத்து வச்சிருக்கே?"

முதலாளி அதை அவள் பாஷையில் சொன்னார். அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்து ஏதோ சொன்னாள்.

"கெடுக்கலையாம் சார். நீங்க தினம் குடிச்ச அதே சூப்தானாம். உங்களுக்குன்னே செஞ்சு பழகினதாம். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுதான் பிடிக்கும்னு இங்கேயும் வச்சாங்களாம். பேரும் நீங்க வச்சதுதானாம்."

"நானா? நான் எங்கே பேரு வச்சேன்?"

சமையல்காரம்மா காலிக் கிண்ணம் ஒன்றை இழுத்தாள். மீன் சாஸ் ஊற்றுவது போல் நடித்தாள். உடனே மாமாவாகவே மாறி, முகத்தை அஷ்டகோணலாக்கி, இடது கையைக் கிண்ணத்துக்குக் குறுக்கே நீட்டினாள்.

"வென்தாம்!"

எலுமிச்சைப்புல்லைக் கிள்ளிப் போடுவது போல் காட்டினாள். "வென்தாம்!" புளிப்புக்கும் அதே கை, அதே முகம். மிளகாய்க்கு இரண்டு கையும் பறந்தன. "வென்தாம்! வென்தாம்!"

தம்பிக்குப் புரையேறியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தினம் பரிமாறும்போது தட்டுக்குக் குறுக்கே நீளும் கை அவளுக்குத் தெரியாதா? அந்தக் கையோடு வரும் 'வேண்டாம்' தெரியாதா?

முதலாளி மெனுவைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"நானும் தாய்லாந்து வார்த்தைன்னு நம்பி அச்சடிச்சுட்டேனே சார்," என்றார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அப்போ, இவங்களை இன்னியோட அனுப்பிடட்டுமா?"

பேங்காக் மாமா தலை நிமிரவில்லை.

"வேண்டாம்."

இத்தனை பேச்சிலும் சமையல்காரம்மாவுக்குப் புரிந்தது அந்த ஒரே வார்த்தைதான். வாயெல்லாம் பல்லாக உள்ளே ஓடியவள், இன்னொரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.