வெளியேற்றும் அணி

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே!"

ஸ்டூலின் மேல் நின்று மகள் முழங்கியதும், பெயிண்டர் சாப்பிட்ட கையோடு எழுந்து கும்பிட்டார்.

"அப்பா, நீங்க நடுவர் இல்ல. எதிரணி. உக்காருங்க."

உட்கார்ந்தார். நடுவர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்ததும் கரண்டியால் டம்ளரைத் தட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு உத்தரவு.

மறுநாள் மகளின் பள்ளியில் பட்டிமன்றம். அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் இருப்பவர்களை வெளியேற்றுவதா, விட்டுவிடுவதா? சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு வாய்த்தது வெளியேற்றும் அணி.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். பெயிண்டருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. எந்தப் பக்கம் பேசினால் என்ன, கோப்பை கோப்பைதானே?

டீ நேரத்தில் வேலையிடத்தில் காதில் விழுந்ததையெல்லாம் மகளுக்கு அள்ளிக் கொடுத்தார்.

"முறையா வரிசையில நின்னவன் என்ன இளிச்சவாயனான்னு கேளு. கேட்டுட்டு, கொஞ்சம் சும்மா நில்லு. கைதட்டல் பிச்சுக்கும்."

"ஐயோ அப்பா, சூப்பர்!"

"அவன் பாதிக் கூலிக்கு வந்து நின்னா, முழுக் கூலி கேக்கறவன் எங்க போவான்? அதையும் சேத்துக்கோ."

"நீங்க யார் பக்கம்ங்க?" என்றாள் நடுவர்.

"கோப்பை பக்கம்."

மகள் வெளுத்து வாங்கினாள். "அத்தனை பேரையும் அனுப்பியே தீர வேண்டும்!" என்று அவள் உதைத்த உதையில் ஸ்டூல் ஆடியது. பெயிண்டர் பாய்ந்து பிடித்தார். பிடித்த கையை விட்டுக் கைதட்ட முடியாததால் விசில் அடித்தார். நடுவர் கரண்டியை மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெங்காயமும் காரணமாக இருக்கலாம்.

கதவு தட்டப்பட்டது.

மகள் சத்தமில்லாமல் இறங்கி, பெரிய செருப்பு ஜோடியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மனைவி மூன்றாவது தட்டைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினாள். பெயிண்டர் துணி அலமாரிக்குள் போய்க் கதவை உள்ளிருந்து இழுத்துக்கொண்டார்.

மனைவிக்கும் மகளுக்கும் இந்த நாட்டில் இருக்க அட்டை உண்டு. அவருக்கு இல்லை.

இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்டது பூட்ஸ் சத்தம் அல்ல, ஒரு சின்னக் குரல். மேல்மாடித் தோழி. 'விட்டுவிடலாம்' என்று பேச வேண்டிய அணி அவளுடையது.

"எனக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடைக்கலடி. அந்த மாதிரி ஆளுங்க யாரையும் எனக்குத் தெரியவே தெரியாதே! நீ பக்கம் மாத்திக்கிறியா, ப்ளீஸ்?"

அலமாரிக்குள் பெயிண்டர் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார்.

"போடி, நான் மனப்பாடமே பண்ணிட்டேன்" என்று மகள் அவளைச் சிரித்தபடி அனுப்பிவைத்தாள்.

கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்தது. காலடிச் சத்தம் மாடிப்படி ஏறி மறையும்வரை மூவரும் அசையவில்லை.

பிறகு அலமாரிக் கதவு ஒரு கை அகலம் திறந்தது.

"பாவம்டி அந்தப் பொண்ணு," என்றது உள்ளிருந்து குரல். "கொஞ்சம் இருன்னு சொல்லியிருந்தா, நாலு பாயிண்ட் நான் சொல்லியிருப்பேன்ல?"