பென்சில் கோடு

பகலெல்லாம் என் வீட்டில் யாரோ நடப்பதாகக் கீழ்வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். நான் தனி ஆள்; பகலில் ஆபீஸில் இருப்பேன். மனுஷர் கதை கட்டுகிறார் என்றே நினைத்தேன். ஆனாலும் தொல்லை விட்டால் போதுமென்று, சத்தம் கீழே இறங்காதபடி ஸ்பிரிங்குகளின் மேல் மரத்தரை போடச் சொன்னேன்.

வேலை முடிந்ததும் தச்சர் தரைமட்டத்தில் சுவரைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார்.

"ஆள் நிக்கிற பக்கம் நூலளவு இறங்கும்மா. நகந்தா ஏறிடும்."

இருவரும் அறைக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தோம். ஜன்னல் மூலையில் மட்டும் தரை கோட்டுக்குக் கீழே கிடந்தது.

"மட்டமான ஸ்பிரிங்கை என் தலையில கட்டிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. எல்லாம் ஒரே சரக்குதான்."

அந்த மூலை மெல்ல ஏறிக் கோட்டைத் தொட்டது. அடுத்து பக்கச் சுவரின் நடுவில் தரை இறங்கியது. பிறகு எங்கள் கால்விரல்களுக்கு முன்னால், வாசலோரம்.

தச்சர் வேலையில் குறையே இல்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை.