திறக்காத பாட்டில்

“காலையில நெரப்புன பாட்டில் அப்படியே கெடக்கு! ஆம்பளைங்க பாட்டிலெல்லாம் காலி. உங்களுக்கு மட்டும் தாகமே எடுக்காதா?”

நிலக்கோட்டை பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் களையெடுத்த பெண்களிடம் எரிந்து விழுந்தார், வெயில் பாதிப்பை ஆய்வு செய்ய வந்த அதிகாரி அறிவுச்செல்வி. முந்தின நாள்தான் அங்கே ஒரு பெண் மயங்கி விழுந்திருந்தாள்.

“எடுக்கும் மேடம்” என்றாள் மாயக்காள்.

“அப்பறம்? அரைமணிக்கு ஒருக்கா குடிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

படிவத்தில் ‘தண்ணீர் குடிக்காததற்குக் காரணம்’ என்ற இடத்தில் ‘அறியாமை’ என்று எழுதிய அறிவுச்செல்வி, லேசாகத் தள்ளாடினார்.

“செத்த நேரம் உக்காருங்க மேடம்.” அவரை வரப்பில் உட்காரவைத்த மாயக்காள், அவர் பையிலிருந்த பாட்டிலை எடுத்தாள். மூடியின் சீல்கூட உடையவில்லை.

“காலையிலருந்து ஊர் ஊராச் சுத்துறீங்க. நீங்க ஏன் குடிக்கல?” மெதுவாகக் கேட்டாள்.

அறிவுச்செல்வி சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை இடுப்புயரச் செடிகள்தான்.

‘அறியாமை’யை அடித்துவிட்டு, ‘கழிப்பறை இல்லை’ என்று எழுதினார். பாட்டிலைத் திறக்காமலேயே பைக்குள் வைத்தார்.