பளபளக்கும் போல்ட்டு

"இந்த வண்டியில நீங்க ஊர் போய்ச் சேர மாட்டீங்க."

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் பெண் பேசிய முதல் பேச்சே இதுதான். செல்லச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாப்பிள்ளை வீட்டார் பலகாரம் சாப்பிட்டு, "போயித் தகவல் சொல்றோம்" என்றுவிட்டு வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்பு வந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். போனவர்கள் போனவர்கள்தான். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று உத்தரகோசமங்கை சாமியிடம் வேண்டிக்கொண்டு நின்றார் செல்லச்சாமி.

அவர் மகள் உமாமகேஸ்வரிக்குச் சென்னையில் ஆய்வுக்கூட வேலை. எஃகுக் கம்பியை இழுத்து, வளைத்து, எப்போது ஒடிகிறது என்று பார்க்க வேண்டும். ஒடிக்கிறதுக்கெல்லாம் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

இப்போது அவள் மாப்பிள்ளை காளிதாஸ் தனியே ஓட்டிவந்திருந்த பைக் பக்கத்தில் குத்தவைத்து, பின்சக்கரத்துப் போல்ட்டைத் தட்டிக் காட்டினாள்.

"புதுசா முலாம் பூசியிருக்கு. பூசுறதுக்கு முன்னாடி ஆசிட்ல முக்குவாக. அப்ப ஹைட்ரஜன் உள்ள பூந்துக்கிரும். உசந்த ரக எஃகு அதைத் தாங்காது. பள்ளம் மேட்டுல குலுங்கக் குலுங்க உள்ளுக்குள்ளயே விரிசல் ஓடும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநா பொசுக்குனு ஒடிஞ்சிரும். வண்டி இங்கயே நிக்கட்டும்."

காளிதாஸ் குனிந்து போல்ட்டைப் பார்த்தான். நல்ல பிள்ளையாகச் சாவியை அவளிடம் நீட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டான். அவன் அம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

வேன் தெருமுனை திரும்பியதும் செல்லச்சாமி பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, நல்ல காரியம் பேச வந்தவுககிட்ட விரிசல், ஒடிசல்னா பேசுறது?"

இனி அவர்கள் இந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள் என்று புலம்பித் தீர்த்தார். அவள் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே, வண்டி எடுக்க காளிதாஸ் தனியாக வந்து நின்றான். செல்லச்சாமி பதறிப்போய், காப்பி போடச் சொல்ல உள்ளே ஓடினார். உமாமகேஸ்வரி சாவியும் ஸ்பானருமாக வெளியே வந்தாள்.

காளிதாஸ் குனிந்து போல்ட்டின் தலையைத் தொட்டுக் காட்டினான்.

"இதுல போட்டிருக்க நம்பரைப் பாருங்க. இது சாதா ரகம். ஹைட்ரஜன் இதை ஒண்ணும் பண்ணாது. ஆய்வுக்கூடத்துல இருக்க உங்களுக்கு இது தெரியாதாக்கும்?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெரியும் என்று தலையாட்டினாள். வண்டி இங்கே நின்றால் எப்படியும் திரும்பி வருவீர்கள் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று தரையைப் பார்த்து முனகினாள். பிறகு, இந்த விவரமெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"சொந்தக் கடைன்னு மட்டும்தான் தரகர் சொன்னாராக்கும்? பரமக்குடியில நான் வச்சிருக்கிறது போல்ட்டு நட்டுக் கடைங்க."

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, வண்டியை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிருவீகளே."