குதிரைக்குச் சொல்லும் சொல்

பென்ரித் சந்தையில் இன்று பண்ணை வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள். வேலை தேடுகிறவள் என்பதற்கு அடையாளமாக வாயில் வைக்கோல் துரும்பைக் கடித்தபடி தாம்சின் வரிசையில் நிற்கிறாள். இன்று யாரும் அமர்த்தாவிட்டால், அடுத்த ஆள் பிடிப்பு வரை ஆறு மாதத்துக்குக் கூரையும் இல்லை, கஞ்சியும் இல்லை. தூறல் அவள் தொப்பி விளிம்பில் சொட்டுகிறது. பண்ணைக்காரர் மவுன்சி மாட்டுத் தொடையைப் பார்ப்பதுபோல அவள் மேல்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் அவளுடைய பழைய எசமான் பிர்க்கெட்டிடம் கேட்கிறார்: "எப்படிப்பா, உழைப்பாளா?" "உழைப்பா. ஆனா ரீஸ்டி," என்கிறான் பிர்க்கெட். மேட்டில் வண்டியை இழுக்காமல் காலூன்றி நின்றுவிடும் குதிரைக்கு இந்த மலைக்காரர்கள் சொல்லும் சொல் அது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். தாம்சின் துரும்பைத் துப்புகிறாள். "ஆமாய்யா, முரண்டு பிடிச்சேன். எங்கேன்னும் சேர்த்துச் சொல்லு. ராத்திரி நீ வந்து தள்ளின கதவுக்குப் பின்னாடி, கையில அடுப்புக் கம்பியோட!" சிரிப்பு அடங்குகிறது. பிர்க்கெட்டின் கழுத்து சிவக்கிறது. மவுன்சி அவனை ஒன்றும் கேட்கவில்லை. தாம்சின் மேலிருந்து கையை எடுத்து, அடுத்த பெண்ணின் மேல்கையை அழுத்துகிறார். "நீ சாதுதானேம்மா?" அவள் தாம்சினைப் பார்க்கிறாள். பிறகு, "ஆமாங்கய்யா," என்கிறாள்.