தொட்டித் தண்ணீர்

ஞானஸ்நானத் தொட்டியின் பலகையைச் சபைச் செயலாளர் தூக்கிப் பார்த்தார். நேற்று மார்பளவு இருந்த தண்ணீர் இன்று இடுப்பளவுதான்.

"எவனோ திருடுறான்" என்றார் வீட்டுக்கு வந்து.

"தண்ணியையா?" மனைவி சிரித்தாள். "உங்க நிழல் பின்னால வந்தாலே உங்களுக்குச் சந்தேகம்."

"சிரிக்காதே. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். நம்ம கிணறு ஊறுற லட்சணம் தெரியுமில்ல? தள்ளிப் போட்டு, அவர் மனசு மாறிட்டார்னா?"

மனைவி சிரிப்பை நிறுத்தினாள்.

மருமகன் பஸ் டிரைவர். கல்யாணமான நாள் முதல் சபை வாசலைத் தாண்டாதவர். மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் "சரி, ஞானஸ்நானம் எடுத்துக்கிறேன்" என்றார். தான் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதிகள்தான் அந்தக் கல்லைக் கரைத்தன என்று செயலாளர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தெருமுனையில் பிரசங்கம் செய்யும் 'மெகாபோன்' ஐயாவோ, கரைத்தது தன் குரல்தான் என்று அடித்துச் சொன்னார்.

செயலாளரின் சந்தேகம் சபைக் கமிட்டியில் இருக்கும் வக்கீல் மேல்தான் போனது.

பின் தெரு ஜனங்கள் கவுன்சிலரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அதிலிருந்து அவர்கள் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வக்கீல் குதித்தார்.

"பைபிளைக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கலாமா? மனு கொடுப்போம். நம்ம கிணத்தைத் திறந்து விடுவோம்."

மெகாபோன் ஐயா மேசையைத் தட்டினார். "ஆத்துமாவைக் காப்பாத்துறதுதான் நம்ம வேலை. குழாயைக் காப்பாத்துறது கட்சிக்காரன் வேலை!"

செயலாளர் மெகாபோன் ஐயாவுக்கு ஆதரவாகக் கை தூக்கினார். வக்கீல் தேர்தலுக்கு அடி போடுகிறார் என்று அப்போதே அவர் மூக்கில் வியர்த்துவிட்டது.

"நம்ம தண்ணியை ஊத்தி ஓட்டு வளர்க்கிறார். கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாரு" என்றார் மனைவியிடம்.

சனிக்கிழமை விடியும்போது தொட்டிக்குப் பின்னால் இருந்த திரைக்குள் ஒளிந்து நின்றார். கொசு பிடுங்கியெடுத்தது. பொறுத்துக்கொண்டார்.

பின்கதவு மெல்லத் திறந்தது. பலகை நகர்ந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனை தொட்டிக்குள் விழ, மறுமுனை ஜன்னல் வழியாக வெளியே போனது. தெரு பள்ளம், தண்ணீர் தானாக இறங்கியது. வெளியே குடங்கள் உரசும் சத்தம்.

செயலாளர் திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்தார். "வசமா மாட்டிக்கிட்டீங்களா வக்கீல் சார்!"

திரும்பியது மெகாபோன் ஐயா.

"ஐயா... நீங்களா? மேசையைத் தட்டுனீங்களே!"

"மெதுவா பேசுங்க. தீர்மானம் போட்டா கவுன்சிலர் காதுக்குப் போகும். மறுநாளே நம்ம கிணத்துக்கும் பூட்டு. மேசையைத் தட்டுனவன் மேல யாருக்குச் சந்தேகம் வரும்?"

"அப்போ வக்கீல்?"

"அவர் பாட்டுக்கு மனு எழுதட்டும். அதுவும் வேணும். மனு போய்ச் சேர்ற வரைக்கும் தொண்டை சும்மா இருக்குமா? இத்தனை நாள் எடுத்ததை ராத்திரியே இறைச்சு நிரப்பிட்டேன், இந்த வாரம்தான் கிணறு ஊறல."

"எல்லாம் சரி, நாளைக்கு என் மாப்பிள்ளை..." கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஐயா, நிறுத்திடாதீங்க. இன்னும் ரெண்டு பாட்டி நிக்கிறாங்க" என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

தெரிந்த குரல். செயலாளர் எட்டிப் பார்த்தார். காக்கிச் சட்டையோடு, தோளில் நிறைகுடத்தோடு மருமகன்.

"மாப்பிள்ளை! நாளைக்கு முழங்கால் தண்ணியில எப்படி முங்குவீங்க?"

"உக்காந்து முங்கிக்கிறேன் மாமா."

ஐயாவுக்கும் மனதில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "தம்பி, மறைக்காம சொல்லு. உன் மனசை மாத்துனது இவர் கைப்பிரதியா, என் பிரசங்கமா?"

மருமகன் குடத்தை இறக்கிவிட்டு நெளிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க மாமா, கைப்பிரதிக் கட்டை இன்னும் பிரிக்கவே இல்ல. ஐயா பேசுறது பஸ் சத்தத்துல எனக்குக் கேட்டதும் இல்ல. ஒரு நாள் காலையில முதல் டிரிப்புக்குப் போறப்ப, இந்த ஜன்னல்ல இருந்து குழாய் வெளியே வர்றதைப் பார்த்தேன். அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்து சரின்னு சொன்னேன்."