வெளியூர்த் தலை

"மேலும் கீழும் ஆட்டினா ஆமாம். குறுக்கே ஆட்டினா இல்லை. மறந்து தொலைச்சிடாதே," என்றான் காலின். "இன்னிக்கு வர்ற விருந்தாளித் தேர்வாளர் டென்மார்க்காரர். நம்ம நாட்டுத் தலைக்கு நேர் எதிர். நமக்குக் குறுக்கே ஆட்டினாத்தானே ஆமாம்."

"தெரியும்டா."

"போன வருஷம் ஒருத்தி, இத்தாலிக்காரர் மேலும் கீழும் ஆட்டினதைப் பார்த்துட்டு, வேண்டாங்கறார்னு நினைச்சு கழிவறையில போய் அழுதா. அவளுக்குத்தான் முதல் மதிப்பெண்."

நெவேனா சிரிக்கவில்லை. சோஃபியாவில் வடிவமைப்பு முதுகலை படிக்கிறவர்களுக்கு இறுதித் திட்டத்தின் கருவை ஒப்புக்கொள்ளும் நாள் அது. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு வருஷம் போகும். விடுதி அறையும் போகும். அறை போனால் அவள் சொந்த ஊரான பெர்னிக்குக்கே திரும்ப வேண்டியதுதான். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

திட்டத்தில் சமூக அக்கறை இருக்க வேண்டும் என்பது இந்த வருஷத்து நிபந்தனை. உடனே வகுப்பில் ஆளாளுக்கு யாரையாவது பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்திக்கு அகதிகள். ஒருவனுக்குத் தெருநாய்கள். காலின் தேனீக்களைப் பிடித்துக்கொண்டான். கடைசியாக நெவேனாவுக்குக் கிடைத்தது முதியோர் தனிமை.

அதுவும் அவளாக எடுத்ததில்லை. துறைத்தலைவர் ஸ்டொய்ச்சேவா கையில் கொடுத்தது. நெவேனா முதலில் போய்ச் சொன்னது குந்துக்கடையைப் பற்றி. நிலவறையில் கடை, நடைபாதையோடு ஒட்டிய ஜன்னல், சிகரெட்டோ தயிரோ வாங்க வேண்டுமானால் குந்தித்தான் வாங்க வேண்டும். அதெல்லாம் கெட்ட காலத்து மிச்சம், இழுத்து மூடவேண்டிய அசிங்கம், விருந்தாளி முன்னால் அதை விரித்துக் காட்டாதே என்று ஸ்டொய்ச்சேவா முடித்துவிட்டார்.

"என்ன பெர்னிக்கு, கையில இரும்புப் பட்டை கொண்டு வரலையா?" என்றான் காலின், அவளைத் தேர்வு அறைக்குள் தள்ளிக்கொண்டே. பெர்னிக்குக்காரர்கள் இரும்புப் பட்டையோடு சண்டைக்கு வரும் முரடர்கள் என்று ஊரெல்லாம் கேலி.

விருந்தாளி யெஸ்பர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மெல்லிய மனிதர். வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கவனித்தார். நெவேனா தன் திட்டமான விளக்கைத் திரையில் காட்டினாள். ஒரு வீட்டுக் கிழவி தன் விளக்கைப் போட்டால் பக்கத்து வீட்டுக் கிழவியின் விளக்கும் எரியும். திரையில் இருந்த கிழவிகள் இணையத்தில் எடுத்தவர்கள். அதை வாங்கப்போகிற ஒரு கிழவியிடமும் அவள் பேசியதில்லை.

யெஸ்பர் தலையைக் குறுக்கே ஆட்டினார்.

அவள் அடுத்த படத்துக்குப் போனாள். மறுபடியும் குறுக்கே. இந்த முறை ஒரு புன்னகை வேறு.

அந்தப் புன்னகைதான் அவளைச் சுட்டது. பொய் என்று இந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். போகிறதுதான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம். மடிக்கணினியை மூடினாள். ஸ்டொய்ச்சேவா நிமிர்ந்தார்.

"என் அம்மா குந்துக்கடை வெச்சிருக்காங்க," என்றாள் நெவேனா. "வாங்க வர்றவங்க குந்தணும். அம்மா அண்ணாந்து பார்க்கணும். முட்டி வலிக்கிறவங்க குந்த மாட்டாங்க, மேலே நின்னே கத்துவாங்க. அம்மாவுக்கு அவங்களைச் செருப்பை வெச்சுத்தான் தெரியும். நீங்க எல்லாருமே அந்த ஜன்னல்ல வாங்கியிருக்கீங்க. உள்ளே யார் இருந்தாங்கன்னு ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம்."

அவள் சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் வரைந்தாள். வெளியே நடைபாதையில் இரண்டு படி இறக்கம், பிடித்துக்கொள்ளக் கம்பி. உள்ளே ஒரு மேடை. இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் வரும். அவ்வளவுதான் திட்டம்.

யெஸ்பரின் தலை அசைந்தது. மேலும் கீழும்.

நெவேனாவுக்குக் குரல் வந்துவிட்டது. படியில் மழைத் தண்ணீர் எப்படி வடியும், பனிக்காலத்தில் எப்படி மூடுவது என்று வரைந்துகொண்டே போனாள். அவர் விடாமல் ஆட்டினார். மேலும் கீழும், மேலும் கீழும்.

ஸ்டொய்ச்சேவாவின் முகம் இறுகியது. குரலைத் தாழ்த்தி, இது தேறுமா என்று விருந்தாளியிடமே கேட்டார். யெஸ்பர் அவரை நேராகப் பார்த்து மூன்று முறை ஆட்டினார். சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி, நிதானமாக, மேலும் கீழும். இவ்வளவு தூரம் வந்த ஆளை மறுத்துப் பேச ஸ்டொய்ச்சேவாவுக்கு மனம் வரவில்லை. குந்துக்கடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையைக் குத்தினார். இந்த நாட்டில் முத்திரை விழுந்த தாளை யாராலும் திருப்ப முடியாது.

இடைவேளையில் காப்பி இயந்திரத்தின் பக்கம் யெஸ்பர் தனியாக நின்றார். நெவேனா போய் நன்றி சொன்னாள். நீங்கள் மட்டும் தலையாட்டியிருக்காவிட்டால் என் திட்டம் இன்றோடு செத்திருக்கும் என்றாள்.

அவர் குழம்பினார்.

"நான் விளக்குக்குத்தானே சம்மதம் சொன்னேன்? அருமையான விளக்கு. இரண்டாவது வேண்டாம்னு அத்தனை தடவை சொன்னேனே."

"எப்படிச் சொன்னீங்க?"

"உங்க ஊர் வழக்கப்படிதான்," என்றார் யெஸ்பர், கொஞ்சம் பெருமையாக. "இங்கே நான் தங்கியிருக்கிற வீட்டுக்கார அம்மாகிட்ட மூணு வாரமா கத்துக்கிட்டேன். ஆமாம்னா குறுக்கே, இல்லைன்னா மேலும் கீழும். ஏன், தப்பா ஆட்டிட்டேனா?"

நெவேனா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். முத்திரை மை நன்றாகக் காய்ந்திருந்தது.

"ரொம்பச் சரியா ஆட்டினீங்க, சார்," என்றாள்.